கப்பல் செய்தி நேரம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நம்ம செராங் ஜம்புலிங்கத்தை போர்ட் பிளேர் டாலிகஞ்ச் டீக்கடை பெஞ்சில், கையில் சமோசாவும் வாயில் தத்துவமுமாக விட்டுவிட்டு வந்தோம். மனுஷன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். சமோசா ஆறிவிட்டது, தத்துவம் ஆறவில்லை.

தீவுக்குத் தீவு ஓடும் அரசாங்கப் படகை ஆயுசில் பாதி செராங்காக ஓட்டியவர். ரிட்டயரான பிறகு ஓட்டுவதற்குப் படகு இல்லாததால், டீக்கடைக்கு வருகிறவர்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் என்ன தெரியுமால அன்பழகா? பொம்பளைக்கு ஒரு கஷ்டம்னா நாலு பேர்கிட்ட சொல்லி அழுவா. ஆம்பளைக்கு ஒரு கஷ்டம்னா எந்திரிச்சு ஒரு வேலையப் பாப்பான். அவ பேசுவா, இவன் செய்வான். அவ்ளோதான், கதம்!"

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் அன்பழகன் தலையைச் சொறிந்தான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் அவனுடையது. அங்கிருந்து போர்ட் பிளேர் வந்து இவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறி வருஷக்கணக்காகிறது.

"அது சரிங்க அண்ணே. எனக்கு வந்திருக்க கஷ்டத்துக்கு என்னா செய்யிறதுன்னுதான் விளங்கல. எம் பொஞ்சாதி ஒச்சம்மா, அக்காவோட மெயின்லேண்ட் போயிட்டா, நான் சோத்துக்கு எங்க போவேன்? ஒரு மாசம் ஆகுமாமே. ஆபரேஷன்னா சும்மாவா?"

எந்த அக்கா, என்ன ஆபரேஷன் என்று கேட்க ஜம்புலிங்கம் வாயெடுத்துவிட்டார். ஆனால் அன்பழகன் அவர் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்திவிட்டான்.

"இந்திராணி அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. மார்ல கட்டின்னா எல்லாமே கெட்ட கட்டியா என்னா? மனச விட்றாதீங்க. நீங்களே இவ்வளவு தைரியமா உக்காந்து பேசுறீங்களே, அதப் பாத்தாலே எனக்கு ஆச்சரியமா இருக்கு."

இந்திராணி என்பது அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

"ம்" என்றார் ஜம்புலிங்கம். "நானும் அப்படித்தான் நெனைக்கேன்."

பாருங்கள், தலையில் இடி விழுந்திருக்கிறது. அந்த நேரத்திலும் தனக்குத் தெரியாது என்று ஒரு ஆட்டோக்காரனிடம் ஒப்புக்கொள்ள மனுஷனுக்கு மனம் வரவில்லை. சமோசாவைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தார். டீக்குக் காசு கொடுத்தாரா என்று அவருக்கே நினைவில்லை.

வீடு இரண்டு தெரு தள்ளி. அடுப்படியில் இந்திராணி இருப்பாள். நேராகப் போய், 'ஏட்டி, என்னட்டி இது?' என்று கேட்டிருக்கலாம். கேட்டாரா? இல்லை. வந்த பஸ்ஸில் ஏறி, சௌல்தாரியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளைப் பார்க்கப் போய்விட்டார்.

* * *

சௌமியா முற்றத்தில் காயப்போட்ட பாக்கைக் காலால் துழாவித் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றது.

"அரே, அப்பா! என்ன இந்த நேரத்துல?"

"உங்கம்மாவுக்குக் கட்டியாமே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் வாங்கவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஒச்சம்மா அத்தைக்குத் தெரியும். சென்னையில கார்த்திகா அண்ணிக்குத் தெரியும், அவங்கதான் அங்க டாக்டர்கிட்ட நாள் கேட்டு வச்சிருக்காங்க."

"பிரவீனுக்கு?"

"அண்ணனுக்கு அண்ணி நேரம் பாத்துச் சொல்லுவாங்க."

"ஆக, இந்தக் குடும்பத்துல ஆம்பளைன்னு இருக்க ஒருத்தனுக்கும் தெரியாது! நல்லா இருக்கு. பெத்த மவன், கட்டின புருஷன், எவனும் மனுஷன் இல்ல!"

முற்றத்துக் கோழி பயந்து ஓடியது. சௌமியா பயப்படவில்லை.

"ஒருத்தருக்குத் தெரியும்ப்பா."

"யாருக்கு?"

"உங்களுக்கு. அம்மா மொதல்ல உங்ககிட்டதான் சொன்னாங்க."

"எங்கிட்டயா? எப்ப? நல்ல கதையா இருக்கே! எங்கிட்ட சொல்லியிருந்தா நான் சும்மாவா இருந்திருப்பேன்?"

"கப்பல் நியூஸ் ஓடிட்டிருக்கும்போது சொன்னாங்களாம்" என்றாள் சௌமியா.

ஜம்புலிங்கம் சட்டென்று கோழி ஓடிய பக்கம் பார்த்தார்.

இந்த இடத்தில் கப்பல் செய்தியைப் பற்றிப் புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது, எது கடல் சரியில்லாமல் நின்றுவிட்டது என்று தினம் சாயங்காலம் ரேடியோவில் சொல்வார்கள். இப்போது அதெல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. இருந்தாலும் செராங்குக்கு ரேடியோவில் கேட்டால்தான் கேட்ட மாதிரி. அந்த நேரத்தில் வீட்டில் யார் பேசினாலும் அவருடைய வலது கை உயரும். படகில் மூடுபனிக்குள் எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஆட்களுக்குக் காட்டும் அதே கை. அந்தக் கை உயர்ந்தால் படகில் மூச்சுக் கூடக் கேட்காது. வீட்டிலும் அப்படியே பழக்கிவைத்திருந்தார்.

இப்போது நினைவு வந்தது. மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம். இந்திராணி கையில் கரித்துணியோடு வந்து நாற்காலி பக்கத்தில் நின்றாள். வழக்கத்துக்கு விரோதமாக, ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

"ஏங்க, மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது..."

அவருடைய கை உயர்ந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள். செய்தி முடியும் வரை நின்றாள். லிட்டில் அந்தமான் படகு நேரம் மாறியிருப்பதை முழுக்கக் கேட்டுவிட்டு இவர் திரும்பினார்.

"என்ன, கட்டியா? வெந்நீர் ஒத்தடம் குடு. கரைஞ்சிரும்."

"சரி" என்றாள் அவள்.

முடிந்தது. பிரச்சினையைச் சொன்னாள், வைத்தியம் சொல்லியாயிற்று. ஆம்பளை செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்ட திருப்தியோடு அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். மறுநாள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. அவள் மறுபடி சொல்லவில்லையே, அப்படியானால் கரைந்திருக்கும் என்று கூட அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலாவது கொஞ்சம் பரவாயில்லை. அவர் மறந்தே போனார்.

"ஒச்சம்மா அத்தைகிட்ட மறுநாள் குழாயடியில சொல்லியிருக்காங்க" என்றாள் சௌமியா. "அத்தை குடத்தைக் கீழ வச்சுட்டு மொதல்ல அம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்களாம். அழுது முடிச்சுட்டு, குடத்தை அங்கேயே விட்டுட்டு, கட்டின புடவையோட அம்மாவ பஸ் ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. டெஸ்ட்டுக்கெல்லாம் அவங்கதான் கூடப் போனாங்க. மெயின்லேண்ட் போங்கன்னு டாக்டர் சொன்னப்ப, கூடப் போறது யாருன்னு கேட்டதும் அத்தைதான் 'நான்'ன்னாங்களாம். அவங்க இல்லேன்னா அம்மா இன்னும் வெந்நீர் ஒத்தடம்தான் குடுத்துட்டிருப்பாங்க, அப்பா."

சொல்லிவிட்டு அவளே பயந்து, "நான் சும்மா... கோவத்துல சொல்லிட்டேன்ப்பா" என்றாள்.

"இல்லம்மா. சரியாத்தான் சொல்லுத" என்றார் ஜம்புலிங்கம். சொம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

* * *

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பேசுகிறவள் பெண், செய்கிறவன் ஆண் என்று காலையில்தான் டீக்கடையில் முழங்கினார். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. இங்கே அழுதவளேதான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். அழாதவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கை இன்னும் எத்தனை தடவை உயர்ந்திருக்கும் என்று யோசித்தார். ஊரில் அவள் தம்பி செத்த சேதி வந்து, கப்பல் கிடைக்காமல் போக முடியாமற்போன நாளில் அவள் என்னமோ சொல்ல வந்தாள். "அழுது என்ன ஆகப் போவுது, ஆக வேண்டியதைப் பாரு" என்று கையைக் காட்டினார். அவளும் போய் ஆக வேண்டியதைப் பார்த்தாள், இவருக்குத் தோசை சுட்டாள். அதை நினைத்ததும் மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று தூசி விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

படுபாவி நான், என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படியே வீட்டுக்குப் போய் அவளிடம் அதைச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவர் ஜம்புலிங்கம் ஆயிற்றே! குற்ற உணர்ச்சி வந்தால் அதற்கும் உடனே ஒரு வேலை பார்த்தாக வேண்டும். ஊருக்குள் பஸ் நுழைந்ததும் இறங்கி, கப்பல் ஏறும் ஜெட்டி பக்கம் டிக்கெட் கவுண்டருக்கு விறுவிறுவென்று நடந்தார்.

கவுண்டரில் இருந்த சந்திரசேகர், ஒரு காலத்தில் இவர் படகில் கயிறு போட்ட பையன். இப்போது கண்ணாடி போட்ட பெரிய மனிதன்.

"ஆயியே, செராங் சாப்!"

"நாளான்னைக்கு சென்னைக் கப்பல்ல எம் பொண்டாட்டி பேரு இருக்கா பாரு."

இருந்தது. நோயாளிக்கு ஒதுக்கிய இடத்தில் இந்திராணி, துணைக்கு ஒச்சம்மா. இரண்டு பேருக்கும் அடித்தட்டில் பங்க் படுக்கை.

"அந்தத் துணை பேரை எடுத்துட்டு எம் பேரைப் போடு. கேபின் குடு. மிச்ச ரூவாய நான் கட்டுதேன்."

சந்திரசேகர் கண்ணாடியைக் கழற்றினான். "புருஷன் போறதுன்னா போடலாம், தப்பில்ல. ஆனா கேபின் ஒண்ணைத் தவிர கப்பல் ஃபுல். இந்தம்மா பேரை எடுத்தா அடுத்த ஆளு காத்திட்டிருக்கான், திருப்பி அவங்கள ஏத்த முடியாது. பாபியைக் கேட்டீங்களா சாப்?"

"புருஷன் கூடப் போறதுக்குப் பொண்டாட்டியக் கேக்கணுமால? போடு."

போட்டான். டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்ததும், காலையிலிருந்து முதல் முறையாக ஜம்புலிங்கத்துக்கு மூச்சு சீராக வந்தது. கேபின். ஜன்னல் உண்டு. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, மூன்று நாளும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம். செய்த பாவத்துக்குக் கொஞ்சமாவது ஈடு கட்டின மாதிரி இருக்கும். போகிற வழியில் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டார்.

* * *

தீவில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்குப் போட்டிருந்தது. புளிக்காய்ச்சல் வாசம் தெரு வரைக்கும் அடித்தது.

இந்திராணி அடுப்படியில் உயர்ந்த பலகையில் இருந்த டப்பாக்களையெல்லாம் கீழே இறக்கி, அவர் கண்ணுக்குத் தெரிகிற மட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"சாப்டீகளா?"

"சௌமி வீட்டுல..." என்று ஆரம்பித்தவர், அங்கே தண்ணீர் மட்டும்தான் குடித்தோம் என்று நினைவு வந்து நிறுத்தினார்.

"தெரியும். போன் பண்ணினா. அதுக்கு முன்னாடியே ஒச்சம்மா வந்து, 'எங்க வீட்டு மனுசன் வாய விட்டுட்டாருக்கா'ன்னு அழுதுட்டுப் போனா." அவள் ஒரு டப்பாவைத் தட்டிக் காட்டினாள். "இது மொளகாத்தூள். இது மல்லி. புளிக்காய்ச்சல் ஒரு மாசம் கெடாது, ஈரக் கரண்டி மட்டும் போட்டுறாதீக."

"காலையிலேயே உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரிஞ்சது?"

"தெரியும். இப்ப வருவாக, இப்ப வருவாகன்னு வாசலப் பாத்துட்டே இருந்தேன். நீங்க ஊரெல்லாம் சுத்தி எல்லாரையும் கேட்டுட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாறீக."

ஜம்புலிங்கம் ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைத்தார். அதை எங்கே வைப்பது என்று கூடத் தெரியவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னப்ப நான்... தப்புதான் இந்திரா. பெரிய தப்பு. ஒத்தடம் குடுன்னு சொன்ன வாயில செருப்பால அடிக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றாள். ஆனால் அவள் கை டப்பாவின் மேலேயே நின்றுவிட்டது. "அன்னைக்கு ரெண்டு நாள் ஒத்தடம் குடுத்தேன் தெரியுமா? உங்க பேச்சுக்காகவே. ஒச்சம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த பெறவும் குடுத்தேன். ஒருவேள நீங்க சொன்னதே சரியா இருந்துட்டா என்ன, கரைஞ்சு போயிட்டா என்னன்னு ஒரு நப்பாசை."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. "நான் கூட வாறேன் இந்திரா. ஒச்சம்மா எதுக்கு? நான் இருக்கேன்லா."

இந்திராணி அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வேண்டாங்க."

"ஏன்?"

"நீங்க வந்தா உங்களையும் நான்தான் பாத்துக்கணும். சாப்டீகளா, தூங்கினீகளான்னு. உங்க மொகத்தப் பாத்துப் பாத்து நான் தைரியமா இருக்க மாதிரி நடிக்கணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்லங்க."

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"கேக்க மாட்டீக. அதான் சொல்லுதேன்." அவள் லேசாகச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ராத்திரி படுத்துட்டு, எனக்குப் பயமா இருக்குங்கன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லுவீக? பயப்படாதேம்பீக. அதோட பேச்சு முடிஞ்சுரும். ஒச்சம்மாகிட்ட சொன்னா, 'எனக்குந்தான்க்கா பயமா இருக்கு'ம்பா. அப்புறம் ரெண்டு பேரும் அழுவோம். அழுதுட்டு வேற கதை பேசுவோம். மூணு நாள் கப்பல்ல அப்படிப் பேசிட்டே போயிட்டா, ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கிறதுக்குக் காலு வரும் எனக்கு. பிளேன்ல போலாம்னு சௌமி சொன்னா. நாந்தான் கப்பல்னேன், அந்த மூணு நாளுக்காவ. நாள் கடத்தினா பரவால்லயான்னு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். ஜம்புலிங்கத்தின் சட்டைப் பையில் அந்தக் குரங்கு கேபின் டிக்கெட்டாக மடிந்து உட்கார்ந்திருந்தது. அவள் தனக்கென்று, இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தனக்கென்று கேட்டு வாங்கிய மூன்று நாளை, அவளைக் கேட்காமலே ரத்துப் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்காவது ஒத்தடம்தான் சொன்னார். இன்றைக்குச் செய்தது அதைவிட மோசம்.

"உங்களக் கெட்டவர்னு சொல்லலங்க" என்றாள் அவள், அவர் முகம் போன போக்கைப் பார்த்து. "உங்களுக்குப் பாசம் உண்டு, எனக்குத் தெரியாதா? அதைக் கையாலதான் காட்டத் தெரியும் உங்களுக்கு. எனக்குக் காது வேண்டியிருக்கு, அவ்ளோதான்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. டிக்கெட்டைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒரு டப்பா கூட எதுவென்று தெரியாது என்று சொல்ல வேண்டும். அறுபது வயதுக்கு மேல், ஒரு பெண்ணிடம், அதுவும் சொந்தப் பெண்டாட்டியிடம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல அவருக்கு நாக்கு பழகவில்லை. புயலில் படகு கவிழப் பார்த்த அன்றைக்குக் கூட அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

இந்திராணி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ரேடியோவைத் திருகினாள். நேரமாகியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

ஜம்புலிங்கம் பின்னாலேயே போனார். ஒரு வழியாக நாக்கு புரண்டது.

"இந்திரா... எனக்கும்... ஒண்ணு சொல்லணும். நான் இன்னைக்கு ஜெட்டிக்குப் போயி..."

அவளுடைய வலது கை உயர்ந்தது. விரல்களை விரித்து, அவர் காட்டுவது போலவே.

"சும்மா இருங்க" என்றாள். "கப்பல் நியூஸ்."

அவர் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அவள் நின்ற அதே இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், செய்தி முடியட்டும் என்று நின்றார். எவ்வளவு நீளமான செய்தி அது என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்னைக் கப்பல் குறித்தபடி நாளை மறுநாள் விடியற்காலையில் புறப்படும் என்று ரேடியோ சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒச்சம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"அக்காவ்! கேட்டீங்களா? நம்ம கப்பல் போகுதாம்! நான் பையெல்லாம் கட்டியாச்சு!"

இந்திராணி சிரித்தாள். அன்றைக்கு முதல் முறையாக, வாய் விட்டுச் சிரித்தாள். ஜம்புலிங்கம் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.